ஆர் ஈறும் ஆள் ஈறும்: பெண்பாற் சொற்களின் வரலாறும் மொழிபெயர்ப்பாளர் கடமையும்

0. முன்னுரை

2025 ஜூன் 1ஆம் நாள் புதுதில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் ஓரமாக இருந்த மதராசி கேம்ப் என்னும் தமிழர் குடியிருப்பு, உயர்நீதிமன்ற ஆணையின்படி இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 370 வீடுகளில் வாழ்ந்த பெண்களுள் பலர் ஜங்புரா, நிஜாமுதீன், லோதி ரோடு ஆகிய பகுதிகளில் வீட்டு வேலை செய்து வந்தவர்கள். மாற்று வீடு பெற்றவர்களுக்கும் அது நகரின் வடகோடியில், நரேலாவில் அமைந்தது. வீடு கிடைத்தும் வேலை எட்டாத் தொலைவாயிற்று. இப்பெண்களைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த ஒரு கட்டுரையைத் தமிழாக்கும் பணி இக்கட்டுரையாளருக்குக் கிடைத்தது.

வரைவை மூன்றாம் முறை படிக்கும்போதுதான் ஒன்று கண்ணிற்பட்டது. ஆங்கில மூலத்தில் லோதி ரோட்டு வீட்டின் உரிமையாளராகிய பெண்ணும், அவ்வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் ஒரே பதிலிடு பெயரால் சுட்டப்பட்டிருந்தனர். தமிழ் வரைவிலோ வீட்டுக்கு உரியவர் 'அவர்' ஆகவும், வேலை செய்பவர் 'அவள்' ஆகவும் மாறியிருந்தனர். வேலை செய்தவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. உரிமையாளரோ முப்பதுகளில் இருந்தவர். வயதுக்குத் தரவேண்டிய மதிப்பைக்கூட வரைவு தரவில்லை. இந்த வேறுபாட்டை மூலம் தரவில்லை. மொழிபெயர்த்தவரின் கை, தானறியாமலேயே தந்திருந்தது.

பெண்ணின் நிலை காலந்தோறும் மாறிவந்த வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் ஒரு முப்பிரிவுச் சட்டகத்தைக் கையாள்கின்றனர். சங்ககாலம் பொற்காலம், இடைக்காலம் இருண்ட காலம், இருபதாம் நூற்றாண்டு விடியல் என்பது அச்சட்டகம். சொல் வரலாறு இச்சட்டகத்துக்கு எந்த அளவு இடந்தருகிறது என்பதை ஆராய்வதும், அவ்வாராய்ச்சி மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வாறு பயன்படும் என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். சான்றாக 'ஆர்', 'ஆள்' என்னும் இரு ஈறுகளும், அவற்றைச் சார்ந்த சில பெயர்ச்சொற்களும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. ஈறுகளின் இலக்கணம்

1.1. உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்று பாலை இலக்கண நூலார் வகுத்தனர். பலர்பாலில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் உயர்த்திச் சொல்லும் முறையே அன்றி இலக்கண நெறிப்பட்டதன்று எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வரையறுக்கிறது. எனவே உயர்வுப் பன்மை அக்காலத்திலேயே பேச்சில் வேரூன்றியிருந்தது என்பது பெறப்படும். 'ஒருவர்' என்னும் பெயர் ஆண், பெண் என்னும் இருபாலுக்கும் பொது என்று பெயரியல் கூறுவதும் இங்கு நோக்கத்தக்கது. ஒருவரை மதிப்புடன் சுட்டும்போது பால்வேறுபாடு மறைகிறது என்னும் இப்பண்பே பின்வரும் செய்திகள் பலவற்றுக்கும் அடிப்படை.

1.2. 'அவள்' என்னும் வடிவத்தின் தோற்றமும் கருதத்தக்கது. தெலுங்கில் பெண்பால் ஒருமை, அஃறிணை ஒருமையின் வினைமுற்றையே கொள்கிறது. 'ஆமெ வச்சிந்தி', 'அதி வச்சிந்தி' என இரண்டுக்கும் வினைமுற்று ஒன்றே. மூலத் திராவிடத்தில் ஒருமையில் ஆண்பால், ஆண்பால் அல்லாதது என்னும் பாகுபாடே இருந்தது எனவும், பெண்ணுக்கெனத் தனி வடிவம் தென்திராவிட மொழிகளில் பின்னர்த் தோன்றிய புத்தாக்கம் எனவும் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தம் 2003ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். இக்கருத்தை ஏற்றால் தமிழ்ப் பெண் முதலில் 'அது'விலிருந்து 'அவள்' ஆனாள். பின்னர் 'அவள்' நிலையிலிருந்து 'அவர்' ஆகிறார்.

இலக்கணப் பாலை நேரடியாகச் சமூக நிலையின் அளவுகோலாகக் கொள்வது பிழை என்பதையும் உடன் சொல்லவேண்டும். பெண்ணுக்கு அஃறிணை வினை தரும் தெலுங்கு நாட்டில்தான் பதின்மூன்றாம் நூற்றாண்டில் காகதிய அரசி ருத்ரமதேவி ஆண்டார். ஆயினும் அவர் ருத்ரதேவ மகாராஜா என்னும் ஆண்பாற் பெயராலும் கல்வெட்டுகளில் குறிக்கப்பட்டார். இலக்கணம் தடை செய்யாத ஒன்றைப் பதவிப் பெயர் தடை செய்தது. ஆகவே நாம் தேடவேண்டிய சான்று வினைமுற்றில் இல்லை. பட்டங்களிலும் தொழிற்பெயர்களிலும் உறவுப்பெயர்களிலுமே அது உள்ளது.

2. சங்கச் சான்று: மறையும் பால், தெரியும் தொழில்

2.1. சங்கப் பெண்பாற் புலவர் எத்தனை பேர் என்னும் வினாவுக்கு அறிஞரிடையே ஒத்த விடையில்லை. முப்பது என்பாரும் உளர். நாற்பதுக்கு மேல் என்பாரும் உளர். கருத்து வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் 'ஆர்' ஈறே. வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் போன்ற பெயர்களில் ஈற்றுக்கு முன்னுள்ள பகுதி பெண்மையைக் காட்டுவதால் அல்லது மரபு காப்பாற்றித் தந்ததால் அவர்களைப் பெண்பாலராகக் கொள்கிறோம். அத்தகைய குறிப்பு இல்லாவிடத்து ஆணென்றோ பெண்ணென்றோ துணிய இயலவில்லை. அதாவது, புலமைக்குத் தந்த மதிப்பே புலவரின் பெண்மையை நம் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது.

இதனைக் குறையாக மட்டுமே கொள்ளவேண்டியதில்லை. ஆண் புலவர்க்கும் பெண் புலவர்க்கும் ஒரே ஈறு வழங்கிற்று. நச்செள்ளையார்க்கு ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் அளித்ததாகப் பதிற்றுப்பத்தின் ஆறாம் பதிகம் கூறுகிறது. பெயரிலும் பரிசிலிலும் ஒரு சமன்மை அங்கு உண்டு.

2.2. ஆனால் இச்சமன்மை புலவர் என்னும் சிறு வட்டத்துக்குள் அடங்கியது. பாணர் குழுவைச் சேர்ந்த விறலிக்கும் பாடினிக்கும் இந்த 'ஆர்' இல்லை. உப்பு வணிகம் செய்த உமட்டியர், கள் விற்ற அரியற்பெண்டிர், மோர் விற்ற ஆய்மகள், பஞ்சு நூற்ற பருத்திப் பெண்டு ஆகியோர் சங்கப் பாடல்களில் உழைப்போராகக் காட்சி தருகின்றனர். பெண்ணின் உழைப்பு வீட்டுக்கு வெளியே புலப்பட்ட சமூகம் அது என்பதற்கு இச்சொற்கள் சான்று. எனினும் அவர்கள் 'பெண்டு', 'மகள்' என்னும் பொதுப்பெயராலோ, குடியைச் சுட்டும் ஈற்றாலோ மட்டும் சுட்டப்படுகின்றனர். தனிப்பெயர் அவர்க்கு இல்லை. லோதி ரோட்டு வரைவில் நிகழ்ந்த 'அவர்', 'அவள்' பிரிவுக்கு இரண்டாயிரம் ஆண்டு முன்மாதிரி உண்டு என்பது இதனாற் புலனாகும்.

3. கைம்மைச் சொற்கள்

3.1. பொற்காலக் கோட்பாட்டுக்கு மிகுந்த இடர் தருவன கைம்மைச் சொற்கள். புறநானூற்றில் கணவனை இழந்த பெண்கள் தொடிகழி மகளிர் என்றும் கழிகல மகளிர் என்றும் குறிக்கப்படுகின்றனர். இரண்டும் அணி களைந்தமையைச் சுட்டும் பெயர்கள். நற்றிணையில் வரும் ஆளில் பெண்டிர் என்பது ஆண் துணை இல்லாமையைச் சுட்டுகிறது. ஆனால் அப்பெண்டிர் அங்குத் தம் முயற்சியால் நூல் நூற்று வாழ்வோராகக் காட்டப்படுகின்றனர். பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு, கைம்பெண்ணின் உணவையும் பாயில்லாப் படுக்கையையும் வருணித்து, அதனினும் தீயே தமக்கு இனிது எனப் பாடியதும் அதே தொகுப்பில்தான் உள்ளது. அவ்வருணனையை மறைத்துவிட்டுப் பொற்காலம் பேச இயலாது.

3.2. தொல்காப்பியப் புறத்திணையியலில் காஞ்சித்திணைத் துறைகளாக இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. மனைவியை இழந்தவன் நிலை தபுதார நிலை. கணவனை இழந்தவள் நிலை தாபத நிலை. இவ்விணையைப் பொருண்மை நோக்கில் ஆய்வார்க்கு ஒரு செய்தி புலப்படும். 'தபு' என்பது சாவைக் குறிக்கும், 'தாரம்' மனைவி. எனவே ஆணின் நிலைக்கு இட்ட பெயர் அவனுக்கு நேர்ந்த இழப்பைச் சொல்கிறது. 'தாபதம்' தவம், பெண்ணின் நிலைக்கு இட்ட பெயர், இழப்புக்குப் பின் அவள் மேற்கொள்ளவேண்டிய ஒழுக்கத்தைச் சொல்கிறது. ஆணுக்கு நடந்தது பெயராயிற்று. பெண்ணுக்குக் கடமை பெயராயிற்று. இருவருக்கும் பெயர் உண்டு என்பதால் இருவரும் நிகர் என முடிவு செய்தல் இயலாது.

பிற்காலத்தில் இவ்விணையும் நிலைக்கவில்லை. தபுதாரன் என்னும் வடிவம் அகராதியளவில் நின்றுவிட்டது. இன்று 'மனைவியை இழந்தவர்' என்னும் தொடரே வழங்குகிறது. பெண்ணுக்கோ கைம்பெண், விதவை, அமங்கலி, அறுதலி எனச் சொற்கள் பெருகின. அவற்றுள் சில வசையாகவும் மாறின. ஒரு சமூகம் எதற்கு மிகுதியான பெயர் இடுகிறதோ, அதன்மேல் மிகுதியான கண்காணிப்பு வைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

3.3. 'விதவை' என எழுதினால் எழுத்தில் ஒரு பொட்டும் இல்லை. 'கைம்பெண்' என எழுதினால் இரண்டு பொட்டுகள் உண்டு என்பது மேடைகளில் நெடுநாளாக வழங்கும் சொல்நயம். நல்லெண்ணத்தில் பிறந்த நயம் அது. ஆயினும் மொழியியலார் அதனைச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. கைம்மை என்னும் பழந்தமிழ்ச் சொல்லோடு பிணைந்திருந்த வாழ்க்கை, வடமொழிச் சொல்லோடு பிணைந்ததைக் காட்டிலும் மென்மையானதன்று. சொல்லை மாற்றினால் போதும் என்னும் நம்பிக்கையையும், சொல்லை மாற்றுவதால் பயனே இல்லை என்னும் ஏளனத்தையும் ஒருங்கே தவிர்த்தல் வேண்டும். வாழ்க்கை மாறியதற்குச் சட்டமும் கல்வியும் வேண்டியிருந்தன. 1856இல் மறுமணச் சட்டம் வந்தும் மணங்கள் அரிதாகவே நடந்தன. இளமையிலேயே கணவனை இழந்த ஆர். எஸ். சுப்பலட்சுமி 1911இல் சென்னையில் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பெண்கள் தங்கிப் படிக்க ஓர் இல்லத்தைத் தொடங்கியபோதுதான் கைம்பெண் என்னும் சொல்லோடு மாணவி, ஆசிரியை என்னும் சொற்கள் சேரத் தொடங்கின. மக்கள் அவருக்குத் தந்த பட்டம் 'சகோதரி'. இப்பட்டத்தின் இயல்பை ஐந்தாம் பகுதியில் காண்போம்.

4. தளிச்சேரிப் பெண்டுகள் முதல் வசைச்சொல் வரை

4.1. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் ஆட்சியிறுதியில், ஏறத்தாழ 1014இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குறிக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் வருவாய் தரும் ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொருவர் பெயரும், அவர் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தார் என்பதும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. சங்கப் பாடலின் உமட்டிக்கும் ஆய்மகளுக்கும் கிடைக்காத தனிப்பெயர் இங்குக் கல்லில் கிடைக்கிறது. இடைக்காலம் முழுதும் இருண்ட காலம் என்பார் இக்கல்வெட்டுக்கு விடை கூறவேண்டும். கோயிற் பெண்கள் நிலமும் பொன்னும் கொடையாக அளித்த செய்திகள் சோழர் கல்வெட்டுகளில் நிரம்ப உள்ளன என்பதை லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். தேவரடியார், தேவனார் மகள் முதலியன அவர்களுக்கு வழங்கிய பெயர்கள்.

அதே காலத்துக் கல்வெட்டுகளில் வேளத்துப் பெண்டாட்டி என்னும் தொடரும் வருகிறது. வேளம் அரண்மனைப் பணிமகளிர் குடியிருப்பு. பெண்டாட்டி அங்குப் பணிமகள். இன்று மனைவியைக் குறிக்கும் சொல் அன்று அரசனின் உடைமைக்கு அருகில் நின்றது. கொடையாளராகிய தேவரடியாரும் வேளத்துப் பெண்டாட்டியும் ஒரே காலத்தில் வாழ்ந்தனர். ஆகவே 'சோழர் காலப் பெண்ணின் நிலை' என ஒருமையில் பேசுவதே பிழையாகும்.

4.2. தேவரடியார் என்பது தேவர்க்கு அடியார் என விரியும் உயர்வுப் பன்மைப் பெயர். பெரியபுராணத்து நாயன்மார்க்கும் அடியார் என்பதே பெயர். அச்சொல் பிற்காலத்தில் 'ஆர்' இழந்து 'ஆள்' பெற்றது. பின் அதுவே தமிழின் கடுமையான வசைச்சொல்லாயிற்று. பொருள் இழிவதற்கு முன்னரோ உடனோ ஈறு இழிந்தது என்பது இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. அடியார் என்னும் சொல்லுக்கு எந்தக் குறையும் நேரவில்லை. பெண்ணைச் சுட்டிய வடிவம் மட்டுமே வீழ்ந்தது.

இது தனித்த நிகழ்வன்று. கூத்தன் என்பது ஒட்டக்கூத்தர் முதலியோர் தாங்கிய பெயர். கூத்தி என்பது ஆசைநாயகியைக் குறிக்கும் சொல். தாசன் என்பதைக் கவிஞர்கள் விரும்பிப் புனைபெயராகச் சூடினர். தாசி என்பதை எந்தப் பெண்ணும் சூடிக்கொள்ளவில்லை. இல்லாள் வீட்டுக்கு உரியவள், இல்லான் பொருளற்றவன். பின்னது பெண்ணுக்கு ஆதரவான இணைபோல் தோன்றினும், வீடு பெண்ணுக்கே உரிய இடம் என்னும் வரையறையும் அதனுள் அடங்கியுள்ளது. இவ்விணைகளில் பெண்பால் வடிவத்துக்கு மட்டும் நேர்ந்த மாற்றத்தை இழிபொருட்பேறு எனப் பொதுவாகக் கூறி விடுதல் போதாது. ஆணுக்குப் பட்டமாகும் அதே பகுதி பெண்ணுக்கு வசையாகும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. கலையும் ஊதியமும் பெற்றுத் திருமணத்துக்கு வெளியே வாழ்ந்த பெண்ணைச் சுட்டிய சொற்களே இவ்வாறு வீழ்ந்தன.

4.3. இருபதாம் நூற்றாண்டில் இம்முறையை ஒழிக்கப் போராடியோர் இச்சொற்களின் சுமையை நேரில் அறிந்தவர்கள். முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்ட மன்றத்தில் தொடங்கிய முயற்சி 1947இல் சட்டமாயிற்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட புதினத்தின் தலைப்பிலேயே தாசிகள் என்னும் சொல் நின்றது. அம்முறையின் கொடுமையை அறிந்து எழுதியவர் அவர். எனினும் ஒரு திறனாய்வுக் குறிப்பு இங்குத் தேவை. முறை ஒழிந்தது, வசைச்சொல் ஒழியவில்லை. நிலவுரிமையும் கலையும் கையைவிட்டுப் போன பின்னும் சொல் மட்டும் அப்பெண்களின் வழித்தோன்றல்களைத் தொடர்ந்தது. இடைக்காலக் கல்வெட்டை மொழிபெயர்ப்போர் தேவரடியார் என்பதை இன்றைய பொருளில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பெயர்த்தால், தொள்ளாயிரம் ஆண்டு இழிவை ஒரே வரியில் அப்பெண்கள்மேல் ஏற்றிவிடுகின்றனர்.

5. இருபதாம் நூற்றாண்டு: பெண்பால் ஈற்றைத் துறத்தல்

5.1. மருத்துவன் என்பதன் பெண்பால் மருத்துவச்சி. ஆனால் அச்சொல் பேறுபார்க்கும் பெண்ணைக் குறித்தது. அவள் எந்தச் சாதியினள் என்பதையும் உடன் குறித்தது. 1912இல் முத்துலட்சுமி ரெட்டி மருத்துவப் பட்டம் பெற்றபோது அவரை மருத்துவச்சி என அழைக்கத் தமிழ் முன்வரவில்லை. பேச்சு வழக்கு 'லேடி டாக்டர்' எனக் கடன்பெற்றது. எழுத்து வழக்கு பின்னர் 'பெண் மருத்துவர்' என ஆக்கிக்கொண்டது. பிள்ளைப்பேற்றுக் கலையில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த பெண்ணுக்கு 'ச்சி' ஈறு. கல்லூரியில் பயின்ற பெண்ணுக்கு 'அர்' ஈறு. த்தி, ச்சி என்னும் ஈறுகள் குறத்தி, ஆய்ச்சி எனச் சாதிப்பெயர்களோடு பிணைந்தவை ஆதலின், படித்த பெண் அவற்றை விலக்கியதில் பால்நிகர்மை வேட்கை மட்டுமன்றிச் சாதி விலகலும் கலந்திருந்தது.

செவிலி இதற்கு மாறான வரலாறு உடையது. அகப்பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய் செவிலி. இன்று செவிலியர் என்பது ஊதியமும் தேர்வும் பணிவிதிகளும் உடைய தொழிலின் பெயர். உறவு தொழிலாயிற்று; தொழில் 'அர்' பெற்றது. வேலைக்காரி என்பதற்குப் பதிலாக வீட்டுப் பணியாளர் என எழுதும் இன்றைய வழக்கும் இவ்வழியினது. திருநங்கை என்னும் ஆக்கம் நங்கை என்னும் பழஞ்சொல்லை மீட்டுத் தந்ததும் உயர்பொருட்பேற்றுக்கு நல்ல சான்று. சொற்கள் கீழே மட்டும் செல்வதில்லை.

5.2. பட்டங்களைப் பொறுத்தவரை இரு வழிகள் தோன்றின. ஒன்று உறவுவழி: அம்மையார், அன்னை, சகோதரி. மற்றொன்று பதவிவழி: தலைவர், செயலர், முதல்வர். முதல்வழியில் பெண்ணுக்கு 'ஆர்' கிடைக்கவேண்டுமாயின் அவள் முதலில் அம்மை ஆகவேண்டும். காரைக்கால் அம்மையார் தொட்டு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் வரை இவ்வழி நீள்கிறது. 1938 நவம்பரில் சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு ஈ.வெ. இராமசாமிக்குப் 'பெரியார்' என்னும் பட்டம் வழங்கியது. பெண்கள் கூடி ஓர் ஆணுக்கு அளித்த 'ஆர்' அது. அதில் உறவுச்சொல் இல்லை, பெருமையே பகுதி. அம்மாநாட்டின் தலைவரோ நீலாம்பிகை அம்மையார். இரு பட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்க்கு வேறுபாடு விளங்கும்.

இரண்டாம் வழி பின்னர் வலுப்பெற்றது. 1991இல் ஜெயலலிதா பொறுப்பேற்றபோது செய்தித்தாள்கள் முதல்வர் என்றே எழுதின. முதல்வி என எழுதவில்லை. கட்சியினரோ 'அம்மா' என்றனர். ஒரே நபரிடம் இருவழிகளும் சேர்ந்தன. ஆசிரியை, நடிகை போன்ற 'ஐ' ஈற்றுச் சொற்கள் இன்னும் வழக்கில் உள்ளன. கவிஞர், எழுத்தாளர், மொழியியலார் ஆகியவற்றுக்கு அத்தகைய வடிவம் வேரூன்றவில்லை. 'பெண் கவிஞர்' என அடை கொடுத்துச் சொல்லும் வழக்கம் மட்டும் தொடர்கிறது. 'ஆண் கவிஞர்' என யாரும் எழுதுவதில்லை. ஈறு பொதுவானாலும் எண்ணம் பொதுவாகவில்லை என்பதற்கு இவ்வடையே சான்று. இக்கட்டுரையாளர் என்னும் சொல்லைப் படித்துவருவோர் மனத்தில் எழுந்த உருவம் எது என்பதையும் வாசகர் தமக்குள் கேட்டுப் பார்க்கலாம்.

5.3. சட்டம் முந்தி, சொல் பிந்திய இடமும் உண்டு. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் மகளுக்கும் பிறப்பால் குடும்பச் சொத்தில் பங்கு தந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் அது விரிந்தது. பங்கை ஆள்பவர் பங்காளி. 'ஆளி' ஈறு தொழிலாளி, முதலாளி என இருபாலுக்கும் பொருந்தும் ஈறு. எனினும் உறவுமுறையில் பங்காளி என்றால் தந்தைவழி ஆண்மக்களே. தங்கையைப் பங்காளி எனச் சுட்டும் அண்ணனைக் காண்பது அரிது. உரிமை ஏட்டில் நுழைந்தது, உறவுச்சொல்லில் நுழையவில்லை. உயிலையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் மொழிபெயர்ப்போர் இவ்விடத்தில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். பங்காளிகள் எனப் பெயர்த்தால் மகள் படிப்பவர் மனத்திலிருந்து வழுக்கிவிடக்கூடும். மகள்கள் உள்ளிட்ட பங்குரிமையுடையோர் என விரித்தெழுதுவதே தக்கது.

6. மொழிபெயர்ப்பில் அவளும் அவரும்

6.1. இந்தியில் வினை, மதிப்பையும் பாலையும் ஒருங்கே காட்டும். 'வே ஜாதீ ஹைம்' என்றால் மதிக்கத்தக்க பெண் ஒருவர் செல்கிறார் எனப் பொருள்படும். வங்காளத்தில் பதிலிடு பெயரில் பால் இல்லை. மதிப்பு மட்டும் உண்டு. எழுத்துத் தமிழில் மதிப்புத் தந்தால் பால் மறையும். பாலைக் காட்டினால் மதிப்புக் குறையும். பேச்சுத் தமிழ் இதற்கு ஒரு வழி கண்டுள்ளது. 'அவரு' ஆணுக்கும், 'அவங்க' பெண்ணுக்கும் என மதிப்பொருமையிலேயே வேறுபாடு காட்டுவோர் மிகப் பலர். ஆகவே எழுத்தில் பெண்ணுக்கு 'அவர்' வரும்போது சிலருக்கு அது ஆணைப்போல் ஒலிப்பதில் வியப்பில்லை.

6.2. 'அவள்' எப்போதும் இழிவு எனக் கருதுவதும் பொருந்தாது. தெய்வத்தை அவன் என்றும் அவள் என்றும் சுட்டுவது தமிழ் மரபு. தாயையும் காதலியையும் அவள் எனக் கூறுவதில் நெருக்கமே உள்ளது. புதினத்தில் கதைமாந்தர் அகத்தினுள் நின்று பேசும் கூற்றாளர் 'அவள்' எனக் கூறுவதை 'அவர்' என மாற்றினால் நெருக்கம் கெடும். எனவே விதி ஒன்றை எல்லா நூலுக்கும் சுமத்த இயலாது. கேட்கவேண்டிய வினா ஒன்றே: ஒரே பனுவலில் ஒருத்தி 'அவள்' ஆகவும் மற்றொருவர் 'அவர்' ஆகவும் வந்தால், அவ்வேறுபாடு மூலத்துக்கு உரியதா, மொழிபெயர்ப்பாளருக்கு உரியதா?

6.3. தொடக்கத்தில் குறித்த வரைவுக்குத் திரும்புவோம். பிழை கண்டபின் இருவரையும் 'அவர்' என மாற்றியதில் ஒரு வாக்கியத்தில் இரண்டு 'அவர்' வந்து பொருள் மயங்கிற்று. பெயர்களை மீளக் கூறியும், 'அம்மூதாட்டி' எனச் சுட்டியும் மயக்கம் நீக்கப்பட்டது. அதன்பின் ஐயம் ஒன்று எழுந்தது. அம்மூதாட்டி பேட்டியளித்தது தமிழில். ஆங்கிலக் கட்டுரை அப்பேட்டியின் பெயர்ப்பே. ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டபோது, அவர் தம் உரிமையாளரை 'அந்தப் பொண்ணு' என்றே சுட்டியிருந்தார். வினையிலும் மரியாதை ஈறு இல்லை. ஏளனம் அன்று அது. மகள் வயதுடைய ஒருத்தியைப் பற்றி மூத்தவர் பேசும் இயல்பான தமிழ். அவருடைய தமிழில் அவரே மூத்தவர். ஆங்கிலம் இருவரையும் நிகராக்கியது. முதல் வரைவோ அவர் கண்ட ஒழுங்கைத் தலைகீழாக்கி, அவரையே 'அவள்' ஆக்கியது. இறுதி வடிவில் அவர் கூற்றுகள் ஒலிப்பதிவில் உள்ளவாறே 'அந்தப் பொண்ணு' எனவும், கட்டுரையாளர் கூற்றுகளில் இருவரும் 'அவர்' எனவும் அமைக்கப்பட்டன.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படுவன வருமாறு:

அ. பெண்ணின் நிலை பொற்காலம், இருண்ட காலம், விடியல் என நேர்கோட்டில் செல்லவில்லை. சங்கத் தொகைகளில் நச்செள்ளையாரும் தொடிகழி மகளிரும் ஒருங்கே உள்ளனர்; சோழர் கல்வெட்டுகளில் தேவரடியாரும் வேளத்துப் பெண்டாட்டியும் ஒருங்கே உள்ளனர்.

ஆ. ஒவ்வொரு காலத்திலும் 'ஆர்' சில பெண்களுக்குக் கிடைத்தது, மற்றவர்க்குக் கிடைக்கவில்லை. அதனைத் தீர்மானித்தது பால் மட்டுமன்று. குடி, தொழில், திருமண நிலை ஆகியனவும் ஆகும்.

இ. கலையும் ஊதியமும் உடைய பெண்களைச் சுட்டிய சொற்களே மிகுதியும் இழிபொருள் அடைந்தன. பழம்பனுவல்களைப் பெயர்ப்போர் அச்சொற்களுக்குப் பிற்கால இழிவை ஏற்றாது, அவ்வக்காலப் பொருளையே தருதல் வேண்டும்.

ஈ. இன்றைய எழுத்துத் தமிழ் பெண்பால் ஈறுகளைத் துறந்து பொது ஈற்றை நாடுகிறது. இது வளர்ச்சியே ஆயினும், மருத்துவச்சியையும் வேலைக்காரியையும் பின்னே விட்டுச்சென்ற வளர்ச்சி என்பதை மறத்தல் ஆகாது.

மதராசி கேம்ப் இருந்த இடம் இன்று வெற்றிடம். அங்கு வாழ்ந்த பெண்கள் பற்றிய செய்திகள் இனிப் பல மொழிகளில் எழுதப்படும். அவற்றுள் சில தமிழுக்கு வரும். அப்போது அவர்களுக்கு எந்த ஈறு தருவது என்பதை மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே எண்ணி முடிவு செய்தல் வேண்டும். கையின் பழக்கத்துக்கு அதனை விட்டுவிட்டால், பழக்கம் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதல் வரைவு காட்டிவிட்டது.